வாவியையும் வயலையும் துணியில் தீட்டுவது: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நிலக்காட்சிக் குயில்ட் பற்றி எழுதியிருந்தேன். மேலே காட்சி தீட்டிய துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடித்துத் தைத்துச் சுவரில் தொங்கவிடுகிற படம். அதைப் படித்துவிட்டு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன். இரண்டு மாவட்டத்துக்கும் வெளிச்சமும் ஒன்று, வாவியும் வயலும் கடலும் ஒன்று, ஒருவருக்குச் சொல்வது மற்றவருக்கும் உதவும்.

அக்கா, கல்லடிப் பாலத்தில் நின்று பின்னேரம் எடுத்த போட்டோ ஒன்று போனில் இருக்கிறது. வாவி, கண்டல் மரங்கள், ஒரு தோணி, தூரத்துக் கரை, சிவந்த வானம். அதை அப்படியே துணியில் கொண்டுவர ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகி, கல்லடி

அப்படியே வேண்டாம், தங்கச்சி. கமெராவுக்கு எல்லாம் ஒன்றுதான், மின்கம்பியும் தோணியும் அக்கரையும் ஒரே அளவில் பதிந்திருக்கும். அந்த இடத்தில் நின்று எதைப் பார்த்துப் போனை வெளியே எடுத்தீர்கள்? தோணியையா, தண்ணீரில் விழுந்த சிவப்பையா? தோணி என்றால் வானத்தை அடக்க வேண்டும். சிவப்பு என்றால் தோணி ஒரு கரிய கீறலாக இருந்தால் போதும். முதலில் இதை முடிவு செய்துவிட்டுத்தான் பென்சிலை எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் போட்டோவைப் போனிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறமாகப் பார்க்கும்போது சிவப்பு வானமும் பச்சைக் கண்டலும் வெவ்வேறாகத்தான் தெரியும், ஆனால் கறுப்பு வெள்ளையில் சில நேரம் இரண்டும் ஒரே சாம்பலாகிப் போகும். அப்படியென்றால் எவ்வளவு விலை கூடிய பெயின்ட் பூசினாலும் சுவரில் தொங்கும்போது மரம் எது வானம் எது என்று எட்ட நின்று பிரித்தறிய முடியாது. மிக வெளிறியது, இளசானது, நடுத்தரம், கருமையானது என்று நாலு படியாகப் பிரித்து, உள்ளங்கை அளவுத் தாளில் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். அந்தச் சின்னப் படம் கண்ணுக்குப் பிடித்திருந்தால் பெரிதும் பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் நிறம் வந்து அதைக் காப்பாற்றாது, திரும்பவும் வரையுங்கள், தாள்தானே.

கரைக்கோட்டைப் படத்தின் நடுவில் வைக்காதீர்கள். வானம் முக்கியம் என்றால் கோடு கீழே இறங்கட்டும், தண்ணீர் முக்கியம் என்றால் மேலே ஏறட்டும், மூன்றில் ஒரு பங்கு என்பது பாதுகாப்பான அளவு. தண்ணீர் தூரத்துக் கரையைத் தொடும் கோடு மட்டும் கொஞ்சமும் சாயக்கூடாது, சாய்ந்தால் வாவி வழிந்து ஓடுகிற மாதிரி இருக்கும். அடிமட்டம் வைத்தே கீறுங்கள். தண்ணீரில் தெரியும் நிழல், அதாவது பிம்பம், எப்போதும் பொருளுக்கு நேர் கீழே விழும். கரிய மரத்தின் நிழல் தண்ணீரில் மரத்தை விடக் கொஞ்சம் வெளிறியும், வெளிச்சமான வானத்தின் நிழல் வானத்தை விடக் கொஞ்சம் கறுத்தும் இருக்கும். பாலத்துக்குப் போகும்போது நின்று பாருங்கள், தெரியும்.

1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தையும் படத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சட்டங்களைப் பெயின்ட்டில் தொடாதீர்கள். மெல்லிய நேர்கோடு துணியில் பரவிக் கெட்டுப்போகும், நூலில் வைத்தால் துல்லியமாக நிற்கும்.

வரைந்ததைப் பெருப்பிக்கப் போட்டோகொப்பிக் கடையே போதும், பகுதி பகுதியாக ஏ3 தாளில் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, மேலே துணியை ஒட்டி, பகல் வெளிச்சத்தில் பென்சிலால் மெல்லக் கீறுங்கள். முதல் படம் 12 க்கு 16 அங்குலம் இருந்தால் நல்லது. ஆனால் துணியை நாலு பக்கமும் 2 அங்குலம் கூட்டி வெட்டி, காட்சியையும் அந்த ஓரம் வரைக்கும் தீட்டுங்கள். தையல் விழ விழத் துணி உள்ளே இழுக்கும், எவ்வளவு நெருக்கமாகத் தைக்கிறீர்களோ அவ்வளவு சுருங்கும்.

முக்கியமான ஒன்று, இதை எல்லா வாசகருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பெயின்ட்டிலேயே படத்தை முடித்துவிடாதீர்கள். வானம், தூரம், தண்ணீரின் நிறம், இவை பெயின்ட்டின் வேலை. கிளை, வேர், புல், தோணியின் விளிம்பு, அலை எல்லாம் நூலுக்கும் துணிக்கும் விட்டுவையுங்கள். தூரிகையால் ஒவ்வொரு இலையையும் கீறிவிட்டுப் பிறகு அதன்மேல் தைத்தால் நூலுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது, வெறும் ஓவியத்தைப் பஞ்சில் ஒட்டிய மாதிரி இருக்கும். தீட்டி முடித்த துணி பாதிப் படமாகத் தெரிந்தால் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

அக்கா, துணிப் பெயின்ட் வாங்கிப் பூசினேன். துணி விறைத்துவிட்டது, வானத்தில் திட்டுத் திட்டாகக் கோடு விழுந்தது, ஒரு மூலையில் நிறமே பிடிக்கவில்லை. என்ன பிழை?
– வாசகி, களுவாஞ்சிகுடி

மூன்று பிழை, மூன்றுக்கும் காரணம் வேறு.

நிறம் பிடிக்காத மூலையில் கஞ்சி இருந்திருக்கும். கடையில் வாங்கும் வெள்ளைப் பொப்ளினில் கஞ்சியும் மினுக்கப் பூச்சும் இருக்கும், சவர்க்காரம் போட்டுச் சுடுநீரில் கழுவி, நன்றாக அலசிக் காயவைத்து அயன் பண்ணிய பிறகுதான் தீட்ட வேண்டும். கழுவின துணிக்கு வாசனைத் திரவம் எதுவும் போடாதீர்கள், அதுவும் வண்ணத்தைத் தள்ளும். துணி முழுக் கொட்டனாக இருக்கட்டும்.

விறைப்புக்குக் காரணம் தடிப்பாகப் பூசியது. துணிப் பெயின்ட்டில் நிறத்தூளை நாரோடு ஒட்டிப் பிடிப்பது ஒரு பசை, கூடப் பூசினால் அது பிளாஸ்டிக் படலமாகிவிடும். வானத்துக்குத் தண்ணீர் கலந்து தேநீர்ச் சாயம் போல் ஓடவிட வேண்டும். சாதாரண அக்ரிலிக் வைத்திருப்பவர்கள் துணிக்கென்று விற்கும் மீடியத்தைப் போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்குக் கலந்தால் துணி கொஞ்சம் இளகியிருக்கும். புரோசியன் போன்ற சாயங்கள் பசையில்லாமல் நாரோடு இரசாயனமாகவே பிணையும், துணி துணியாகவே இருக்கும். ஆனால் அதற்குச் சோடா ஆஷ் (சலவைச் சோடா) வேண்டும், தூளை மூச்சில் இழுக்காமல் முகமூடி கட்ட வேண்டும், சமையல் பாத்திரத்தைத் தொடக்கூடாது. பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டில் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

கோடு விழுவது காற்றால். நீங்கள் ஆடி ஆவணியில் திண்ணையில் வைத்துத் தீட்டியிருந்தால் வறண்ட கச்சான் காற்றுக்கு ஓரம் முதலில் காய்ந்திருக்கும், காய்ந்த ஓரத்தில் ஈர வண்ணம் போய் முட்டினால் அந்த இடத்தில் கோடு நிற்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, விடிய வேளையோடு செய்யுங்கள். மேசையில் பொலித்தீன் விரித்து, துணியை நனைத்துப் பிழிந்து பரப்புங்கள். எல்லா நிறத்தையும் முதலே கரைத்து வைத்திருக்க வேண்டும், நடுவில் கரைக்கப் போனால் துணி காய்ந்துவிடும். அகலத் தூரிகையால் உச்சியில் கடும் நிறம், கீழே வர வர வெளிறல், ஒரே மூச்சில். ஈரத்தில் கண்ணுக்குக் கடுமையாகத் தெரிவது காய்ந்ததும் வெளிறும், அதனால் கொஞ்சம் தைரியமாகப் பூசுங்கள். துணியில் சுருக்கம் இருந்தால் வண்ணம் அந்தச் சுருக்கத்தில் தேங்கி முகில் மாதிரி ஒரு வடிவம் தரும், சில வானத்துக்கு அது தானாக வந்த அழகு.

வெயிலில் செய்யும் ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீராகக் கரைத்த பெயின்ட்டைத் துணி முழுக்கப் பூசி, ஈரம் காயும் முன் வேப்பிலையோ பன்னமோ (ஃபெர்ன் இலை) அழுத்திப் பரப்பி, கடும் வெயிலில் வையுங்கள். திறந்த இடம் முதலில் காயும், காயும் இடம் இலைக்கடியிலிருந்து ஈரத்தையும் அதோடு நிறத்தையும் இழுத்துக்கொள்ளும், இலையை எடுத்தால் அதன் வடிவம் வெளிறி நிற்கும். முன்புறப் பற்றைக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இதற்கு மட்டும் காற்றில்லாத உச்சி வெயில் வேண்டும்.

தீட்டியது முழுக்கக் காய ஒரு நாள் விடுங்கள். பிறகு மேலே பழந்துணி ஒன்றைப் போட்டு, கொட்டனுக்குரிய சூட்டில், நீராவி இல்லாமல், பகுதி பகுதியாக அயன் பண்ணுங்கள். எவ்வளவு நேரம் என்பது போத்தலில் இருக்கும். இதைச் செய்யாமல் தைத்தால் ஊசி பிசுபிசுக்கும், கழுவினால் நிறம் போகும்.

ரீச்சர், வயல் தீட்டினேன். முழுக்க ஒரே பச்சை, விளையாட்டு மைதானம் மாதிரி இருக்கிறது.
– வாசகி, சம்மாந்துறை

போத்தலில் இருந்து நேரே எடுத்த பச்சையாக இருக்கும். அந்தப் பச்சை நம் வயலில் எந்த மாதத்திலும் கிடையாது. முதலில் உங்கள் படம் எந்த மாதம் என்று சொல்லுங்கள். பெரும்போகத்தில் விதைத்த கையோடு சேறும் தண்ணீரும்தான் கூடத் தெரியும், பச்சை மெல்லிய கோடாகத்தான் இருக்கும், வானத்தின் சாம்பலும் வயலில் கிடக்கும். மார்கழியில் மஞ்சள் கலந்த இளம்பச்சை. கதிர் வெளிவரும் முன் பயிர் குடலை தள்ளும் நேரத்தில் நீலம் கூடின கரும்பச்சை. மாசியில் வெட்டுக்கு நிற்கும்போது பொன்னிறத்துக்கு அடியில் கொஞ்சம் பச்சை மிஞ்சியிருக்கும். மாதத்தை முடிவு செய்தால் வானமும் தானாக முடிவாகிவிடும்.

மஞ்சளோடு நீலம் கலந்து பச்சை எடுங்கள், அதில் துளி சிவப்போ மண்ணிறமோ சேர்த்தால் அந்தக் கூச்சல் அடங்கும். தூரத்து வயலுக்கு அதே கலவையில் வெள்ளையும் நீலமும் கூட்டுங்கள். நடுவிலுள்ள காற்றும் அதிலுள்ள ஈரமும் தூசியும் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தூரப் பொருள் வெளிறி நீலம் பாயும். கிரான் பக்கமிருந்து குடும்பிமலையைப் பார்த்திருப்பீர்கள், மலையைச் சுற்றிக் காடு, ஆனால் பச்சையா தெரிகிறது?

வரம்புகள்தான் வயல் படத்தின் எலும்பு. கிட்ட இருக்கும் வரவை (வரம்புகளுக்கு நடுவிலுள்ள வயல்துண்டு) அகலமாகவும் தூரத்தில் இருப்பவை ஒன்றின்மேல் ஒன்றாக ஒடுங்கியும் வரட்டும், இடைவெளி படிப்படியாகக் குறைந்தால் கண் தானாக உள்ளே நடந்து போகும். தையலிலும் இதேதான். கிட்ட உள்ள பயிருக்கு மேல்நோக்கிய குட்டை இழைகளை ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் விட்டும் போடுங்கள், நடுவில் சின்னச் சின்னப் படுக்கைக் கோடு, தூரத்தில் வெறும் நேர்கோடு. நெருங்கித் தைத்த இடம் அமுங்கும், தைக்காமல் விட்ட இடம் மேலே பொங்கும். அதனால் வானத்தையும் தூரத்தையும் மெல்லிய நூலால், துணியின் நிறத்திலேயே, நெருக்கித் தைத்து அமுக்குங்கள். முன்னால் உள்ள வரம்பின் மேட்டைத் தைக்காமல் விடுங்கள், அது தன்பாட்டில் முன்னே வந்து நிற்கும், பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் நிழலும் விழும். அந்த நிழல் எந்தப் பெயின்ட்டாலும் வராதது, நான் குயில்ட்டை விரும்புவதற்கு முதல் காரணமே அதுதான்.

கொக்கு வைக்க விரும்பினால் ஒன்றிரண்டு போதும்.

எங்கட காக்கா (அண்ணன்) மருதமுனையில் கைத்தறி நெய்கிறவர். வெட்டுத் துணி நிறைய மிஞ்சுகிறது. தீட்டிய துணியோடு அதைச் சேர்க்கலாமா ரீச்சர்?
– வாசகி, மருதமுனை

கட்டாயம் சேருங்கள். உங்கள் வீட்டில் கிடக்கும் அந்தத் துண்டுகளைப் போல வேறெங்கும் தேடினாலும் கிடைக்காது. சாரத்தின் (லுங்கியின்) கோடுகளைப் படுக்கையாக வைத்தால் உழுத வயலோ காற்றடிக்கும் தண்ணீரோ ஆகிவிடும், நிறம் ஒன்றுக்குள் ஒன்று மாறும் சேலைத் தலைப்பு வானமாகும். தீட்டிய துணி தூரத்துக்கும், கைத்தறி முன்புறத்துக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கைத்தறியின் இழை தடிப்பு, அது கிட்ட இருப்பதாகத்தான் கண்ணுக்குப் படும், தூரத்து மலைக்கு அதை வைத்தால் மலை முன்னால் பாயும்.

இரண்டு கவனம். கைத்தறி ஓரம் பிரியும். பின்பக்கம் மெல்லிய ஒட்டுக் கன்வஸை அயன் பண்ணி ஒட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள், கொலருக்குப் போடும் தடித்தது வேண்டாம், ஊசி திணறும். பிரிகிற ஓரம் தேவைப்படும் இடமும் இருக்கிறது. இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்கு இழைகளை உருவி எடுத்துவிட்டு மற்ற ஓரத்தைத் தைத்தால் வாவிக்கரைப் பன்புல் தயார். இரண்டாவது, கடும் சிவப்பும் நீலமும் சாயம் விடுகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

நான் தையற்காரன். கால்மிதி மெஷின்தான், பழைய மொடல், துணியைத் தள்ளும் அடிப்பல் இறங்காது. இதில் நினைத்த பக்கமெல்லாம் துணியை ஓட்டித் தைக்க முடியுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

முடியும் தம்பி, கால்மிதி மெஷினில் இரண்டு கையும் துணியில் இருக்கும், வேகம் காலில் இருக்கும், இந்த வேலைக்கு அது நல்ல வசதி. கையால் சுற்றும் மெஷின் என்றால் நான் கைத்தையலையே சொல்லியிருப்பேன். பல் இறங்காவிட்டால் விசிட்டிங் கார்ட் ஒன்றில் ஊசி போகுமளவுக்கு ஓட்டை போட்டு, பல்லை மூடி டேப்பால் ஒட்டுங்கள், தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வையுங்கள். எம்பிராய்டரி கால் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் துணியை அமுக்கும் மெஷின் காலைக் கழற்றிவிட்டு எம்பிராய்டரி வளையம் போட்டுத் தைக்கலாம், ஆனால் கால் இல்லாவிட்டாலும் பின்னால் இருக்கும் நெம்பை இறக்கத்தான் வேண்டும். அதை இறக்காவிட்டால் மேல்நூலுக்குப் பிடிப்பு இருக்காது, அடியில் நூல் பந்தாகச் சுருண்டுவிடும். விரல் ஊசிக்குக் கிட்டப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசி 14 ஆம் நம்பர், கூர் மழுங்காத புதிது. தீட்டிய துணியில் ஊசி போன ஓட்டை மூடாது, பிரித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஆகவே ஒவ்வொரு நிறத் துணியிலும் மிஞ்சிய துண்டில் தைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மூன்று அடுக்கையும் முதலில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீளக் கைத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும், தைப்பதும் நடுவிலிருந்து வெளியே. ஒரு பக்கம் நெருக்கியும் மறுபக்கம் ஐதாகவும் தைத்தால் ஓரம் அலை அலையாக நெளியும். கொஞ்சம் நெளிந்தால், ஈரமாக்கிப் பலகையில் நேராகக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

நடுவில் வைக்க எதை வாங்குவது?
– வாசகி, வாழைச்சேனை

பழைய கொட்டன் சேலை இரண்டு மூன்று மடிப்பு. மென்மையாக, தட்டையாக, ஊசிக்கு இலகுவாக இருக்கும், சுவரில் தொங்கும் படத்துக்கு அது தாராளம். இலவம்பஞ்சு வேண்டாம், கீழே இறங்கிச் சேர்ந்துவிடும். பொலியெஸ்டர் விரிப்பு வாங்கினால் பெயின்ட்டைச் சூடு காட்டும் வேலையெல்லாம் முடித்த பிறகு வையுங்கள், கடும் சூட்டில் அது உருகும்.

திருக்கோவில் கடலைத் தைக்கிறேன், சூரியன் கடலில் மறைகிற மாதிரி. வெள்ளை நுரை மட்டும் சரியாக வரவில்லை.
– வாசகி, திருக்கோவில்

நுரைக்கு முன்னால் சூரியனைச் சரிசெய்வோம். நம் கடல் எழுவான் பக்கம், அதாவது கிழக்கே, அதில் சூரியன் மறையாது. மறைவது படுவான் பக்கம், மேற்கே. இணையத்தில் பார்த்த படத்தின் பாதிப்பில் நிறையப் பேர் இப்படிச் செய்கிறார்கள், ஆனால் ஊர்க்காரர் பார்த்த உடனே இது எங்கள் கடல் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். விடியலாக மாற்றுங்கள், நிறமும் மாறும், ஆரஞ்சைக் குறைத்து இளஞ்சிவப்பும் வெளிர் மஞ்சளும் சாம்பலும் கூட்டினால் சரி. பின்னேரக் கடல்தான் வேண்டுமென்றால் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், கடல் கடும் நீலமாக, அலையின் முகம் வெளிச்சமாக இருக்கும். அதையும் தீட்டிப் பாருங்கள், யாரும் அதிகம் தொடாத காட்சி.

நுரைக்கு நீலத்தின்மேல் வெள்ளைப் பெயின்ட் பூசாதீர்கள், சுண்ணாம்பு மாதிரித் தெரியும். துணியின் வெள்ளையைக் காப்பாற்றுங்கள். உருகிய மெழுகை அந்த இடங்களில் தடவிவிட்டுப் பிறகு நீலத்தைப் பூசினால் மெழுகுக்கடியில் வெள்ளை நிற்கும், பத்திக் செய்கிறவர்களின் வழி இது. காய்ந்ததும் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்து அயன் பண்ண மெழுகு தாளுக்குப் போய்விடும். அதற்குமேல் மெல்லிய வெள்ளை வொயில் துணியைக் கத்தரிக்கோல் படாமல் கிழித்து, அந்தப் பிசிர் ஓரத்தோடு அலையின் நுனியில் தையுங்கள்.

பெயின்ட் அடித்தால் அது குயில்ட்டே இல்லை, துண்டு துண்டாகப் பொருத்தித் தைத்தால்தான் குயில்ட் என்று மாமி சொல்கிறா. உண்மையா?
– வாசகி, ஏறாவூர்

மாமியின் கைத்தொழில் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது, துண்டு பொருத்துவது தனி வித்தை. ஆனால் மூன்று அடுக்கும் அவற்றைப் பிடிக்கும் தையலும் இருந்தால் அது குயில்ட்தான். இந்த வாதம் அமெரிக்காவிலும் நடந்து முடிந்தது. 1971 இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகம் பழைய குயில்ட்டுகளைக் கட்டிலில் இருந்து எடுத்து ஓவியம் போலச் சுவரில் தொங்கவிட்டது. 1979 இல் ஒஹையோ மாநிலத்து ஏதென்ஸ் நகரில் குயில்ட் நஷனல் என்ற கண்காட்சி தொடங்கியது, வழக்கமான போட்டிகள் ஏற்றுக்கொள்ளாத புதுவகைக் குயில்ட்டுகளுக்கு இடம் கொடுக்கத்தான். தீட்டியதும் சாயமிட்டதும் அச்சடித்ததும் எல்லாம் அதற்குள் வந்தன. மாமியிடம் ஓரப்பட்டி போடக் கற்றுக்கொள்ளுங்கள், அந்த மூலை மடிப்பு அவவைப் போல உங்களுக்கு வராது.

முடித்து வைத்திருக்கிறேன். எப்படித் தொங்கவிடுவது? மாரியில் பூஞ்சணம் பிடிக்காதா?
– வாசகி, பொத்துவில்

பின்பக்க மேல் ஓரத்தில், படத்தின் அகலத்துக்கு, 4 அங்குல அகலத்தில் துணிக்குழாய் ஒன்றைக் கைத்தையலால் பொருத்துங்கள், தையல் முன்பக்கம் வரக்கூடாது. அதற்குள் தட்டையான மரச்சட்டம் ஒன்றை நுழைத்து இரண்டு ஆணியில் வைத்தால் நேராக விழும். நேர் வெயில் படும் சுவரும், சமையலறையோடு ஒட்டிய சுவரும் வேண்டாம். கார்த்திகை முதல் தை வரை சுவரே ஈரம் கக்கும், அந்த நேரம் கழற்றி, பெயின்ட் பக்கம் வெளியே இருக்கும்படி உருட்டி, பழைய கொட்டன் துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பொலித்தீனில் மட்டும் சுற்றாதீர்கள், உள்ளே ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிப்பது அதனால்தான். பூச்சி உருண்டை போட்டால் சிறு துணியில் முடிந்து தள்ளி வையுங்கள், பெயின்ட்டில் படக்கூடாது. மழை விட்டு வெயில் காணும் நாளில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.